இருக்கைகள்: 2

என் அண்ணன் காக்காவின் நிக்காஹ் அன்று எங்கள் வீட்டு வளவில் இருந்தவர்கள்: உம்மா, உம்மாவின் தங்கையான சாச்சி, சாச்சியின் பிள்ளைகள், பக்கத்து இரண்டு வீட்டார், மௌலவி, பதிவுகாரர், பொத்துவிலிலிருந்து வந்த காக்காவின் கூட்டாளிமார், இத்தாலியிலிருந்து வந்த மணமகளின் தாய், அவரோடு வந்த பத்துப் பேர். வராதவர் மாமா. அவர் வராததால் மாமியும் மூன்று மகள்மாரும் மூன்று மருமகன்மாரும் வரவில்லை. அவர்கள் வராததால் எங்கள் குடியில், தாய்வழிச் சொந்தத்தில், நாற்பது வீடு வரவில்லை.

மாமா உம்மாவின் ஒரே தம்பி. வாப்பா மவுத்தான பிறகு எங்கள் நல்லது கெட்டதுக்கு முன்னால் நின்றவர். அவருடைய கடைசி மகளைத்தான் காக்கா கலியாணம் முடிப்பான் என்று ஊரே நினைத்திருந்தது. காக்கா மாட்டேன் என்றபோது, "பரவாயில்ல ராத்தா" என்று தன் அக்காவிடம் ஒரு சொல்லோடு எழும்பிப் போய், மகளுக்கு வேறு மாப்பிள்ளை எடுத்தார். அப்படிப்பட்டவர் காக்காவின் நிக்காஹ்வுக்கு வந்து முன்னால் இருந்துவிட்டால், இஸ்லாத்துக்கு வந்த அந்த வெள்ளைக்காரப் பிள்ளையை ஊர் எங்கள் மருமகளாக ஏற்றுக்கொள்ளும். வராவிட்டால், அவள் என்றைக்கும் கடற்கரையில் பிடித்துவந்த பிள்ளைதான். உம்மாவுக்கு அந்தக் கல்யாணத்தில் வேண்டியிருந்தது இது ஒன்றுதான். அதைக் கெடுத்தவன் நான்.

காக்கா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பொத்துவிலில் வெளிநாட்டாருக்கு அலைச்சறுக்குப் பழக்கிய காசில்தான் நான் பல்கலைக்கழகம் போனேன். எங்கள் வீட்டில் அந்த வாசலை மிதித்த முதல் ஆள் நான். கம்ப்யூட்டரில் வடிவமைக்கவும் தெரியும். ஆகவே கல்யாண அழைப்பிதழை நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். அவனுக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வேறு என்ன இருந்தது?

மூன்று கிழமை அதிலேயே கிடந்தேன். தலைப்பில் அறபு எழுத்து, கீழே தமிழ், ஆங்கிலம், இத்தாலி. மூன்று மொழியும் ஒன்றையொன்று இடிக்காமல் நிற்க வேண்டும். ஓரத்தில் மயிரளவு நீலக்கோடு, காக்காவின் அலை. மூலையில் மணமகளின் ஊர் எலுமிச்சை. கொழும்பிலிருந்து தந்த நிறத் தடித்தாள் எடுப்பித்தேன்.

மணமகள் ஒன்றே ஒன்று கேட்டாள். தன் பக்கத்து விருந்தினருக்கு மட்டும் பதில் அட்டை ஒன்று, சின்ன உறையோடு. எத்தனை பேர் வருகிறார்கள் என்று அவர்கள் நிரப்பி அனுப்புவார்களாம். சாப்பாட்டு இடத்தில் பேர் எழுதிய சீட்டும் வைப்பார்களாம். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. எங்களுடையது சஹன் சாப்பாடு, ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்பது. பேர் கணக்குச் சரியாகத் தெரிந்தால் ஒரு சஹன் வீண்போகாதே என்று யோசித்தேன். அவள் பதினொரு பேருக்குக் கேட்டதை நான் ஐம்பது வீட்டுக்கும் அடித்தேன். ஒவ்வொரு அட்டையிலும் "உங்களுக்கான இருக்கைகள்" என்று போட்டு, எண்ணிக்கையை என் கையாலேயே எழுதினேன்.

அச்சகம் நடத்தும் நானா அதைத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, பெரிய காட் வெளங்குது. இந்தப் பொடிக் காட் என்னத்துக்கு?"

"வாறாக்கள் எத்தின பேரெண்டு நிரப்பி அனுப்புறதுக்கு நானா."

"வாறியா எண்டு கேட்டா ஆருடா கலியாணத்துக்கு வருவான்?" என்று சிரித்தார். "சரி, நீ படிச்ச புள்ள. அடிக்கிறன்."

நானும் சிரித்தேன்.

முதல் அழைப்பு மாமாவுக்கு. உம்மா வெற்றிலைத் தட்டோடு முன்னால் போக, நான் அட்டைப் பையோடு பின்னால் போனேன். மாமா அட்டையைத் தடவிப் பார்த்து, "நல்ல கடதாசி மருமகன்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. பிறகு உள்ளேயிருந்து பதில் அட்டை மடியில் விழுந்தது. கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் படித்தார்.

"இதென்ன, ரெண்டு?"

"நீங்களும் மாமியும் மாமா."

"அப்ப என்ட புள்ளைகள்? மருமகன்மார்?"

"அவங்களுக்குத் தனித்தனிக் காட் இரிக்கி மாமா," என்று பையிலிருந்து மற்ற மூன்றையும் எடுத்து நீட்டினேன். ஒழுங்காகச் செய்திருக்கிறேன் என்று காட்டுவதற்காக.

மாமா அவற்றைக் கையில் வாங்கவில்லை.

"ஒரு வளவுக்குள்ள ஒரு அடுப்பில திங்கிற எங்கள நாலு காட்டா வெட்டிப் போட்டியா நீ?" பிறகு உம்மாவைப் பார்த்தார். "ராத்தா, ஒங்கட மகன்ட கலியாணத்துக்கு நான் வாறனா இல்லையா எண்டு எழுதித் தரணுமா? எனக்கு டிக்கட்டா தாறீங்க?"

"இல்ல தம்பி, அவன் சின்னப் புள்ள, வெளங்காம..."

"அவனுக்கா வெளங்காது? குடிக்குள்ள படிச்சவன் அவன் ஒருத்தன்தானே."

உம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். வெற்றிலைத் தட்டில் ஒரு வெற்றிலைகூடக் குறையாமல் திரும்பி வந்தோம்.

எங்கள் ஊரில் அழைப்பது என்றால் வீட்டு வாசலில் நின்று "எல்லாரும் வந்திரணும்" என்று சொல்வதுதான். அந்த எல்லாரும் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அது அழைப்பில்லை. இதை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனாலும் என் அட்டை அழகாக இருந்தது, என் கண் அதிலேயே இருந்துவிட்டது.

ஊரில் கொடுத்த பதில் அட்டைகளில் ஒன்றே ஒன்றுதான் திரும்பி வந்தது. சின்ன உறைக்குள், மாமாவின் கையெழுத்தில், வருவோர் எண்ணிக்கை என்ற கோட்டுக்கு மேலே: 0.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் பதறிச் செய்தவை. மூன்று வெள்ளி ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் காத்து நின்றேன். மூன்று வெள்ளியும் மாமா என் ஸலாமுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவுதான். பதில் அட்டை இல்லாமல் மலிவான தாளில் மறுபடியும் ஐம்பது அடித்து, உம்மாவோடு வீடு வீடாகப் போனேன். அது இன்னும் கெடுத்தது.

"ரெண்டாம் காட்டா? அப்ப திகதி மாறிட்டா?" என்றாள் ஒரு வீட்டுப் பெண்.

"இல்ல, அதே திகதிதான்."

"அப்ப என்னத்துக்குக் காட்? வெள்ளைக்காரி போயிட்டாளெண்டு கதைக்கிறாங்களே, உண்மையா?"

உம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுப்பிக்கொண்டு வந்தேன்.

நிக்காஹ் அன்று முப்பது சஹன் வந்து இறங்கியது. குறைத்துச் சொல்லுங்கள் என்று உம்மாவிடம் கெஞ்சியிருந்தேன். "தம்பி வருவான்டா, கோவத்தில இரிக்கான், வருவான்," என்று உம்மா விடவில்லை. ஆகவே பேர்ச் சீட்டுகளையும் நான் வைத்தேன். வாசலை அடுத்த முதல் சஹனைச் சுற்றி மாமா, மூன்று மருமகன்மார், குடியின் பெரியவர்கள் இருவர். ஆறு சீட்டும் நீலக்கோட்டோடு நிமிர்ந்து நின்றன.

வந்த கொஞ்சப் பேரும் உட்காரவில்லை. குனிந்து பேரைப் படிப்பதும், "இது என்ட எடமில்ல" என்று விலகி நிற்பதுமாக இருந்தார்கள். இத்தாலிக்காரர் மட்டும் தங்கள் பேரைத் தேடிப் பிடித்து, கால் மடக்கி உட்கார்ந்து, நின்றவர்களை விளங்காமல் பார்த்தார்கள். கடைசியில் சாச்சி சீட்டுகளை மடியில் பொறுக்கிக்கொண்டு சத்தம் போட்டார். "பேரத் தேடினா சோறு ஆறிரும், குந்துங்க!" முதல் சஹனில் மட்டும் சாச்சி கை வைக்கவில்லை. உம்மா அதற்குப் பக்கத்தில், தெரு ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னேரம் அஸர் பாங்கு சொன்ன பிறகும் நின்றார்.

பதினொரு சஹன் திறந்தது. பத்தொன்பதை மூடியபடியே மதரஸாவுக்கு அனுப்பினோம். மணமகளின் தாய் போகும்போது தன் பேர்ச் சீட்டைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்து, இவ்வளவு அழகான அட்டையைத் தான் கண்டதில்லை என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நன்றி என்றேன். அதற்கு மேல் நிற்க முடியாமல் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை காக்கா என்னை ஏசவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. மனைவி உள்ளே உம்மாவோடு தேங்காய் துருவப் பழகிக்கொண்டிருந்தாள். உம்மா அவளுக்குக் கையால் காட்டினார். காக்கா ஒரு கணக்குக் கொப்பியை என் முன்னால் போட்டான்.

"ஒன்ட காட்டால போனது எவ்வளவு? கூட்டிச் சொல்லு."

கூட்டினேன். முதல் அட்டை அறுபத்து மூவாயிரம். இரண்டாம் அட்டை பதின்மூவாயிரத்து ஐந்நூறு. திறக்காத சஹன் பத்தொன்பது, ஒன்று ஒன்பதாயிரப்படி ஒரு இலட்சத்து எழுபத்தோராயிரம்.

"மாமாவை எதில போடுற காக்கா?" என்று கேட்டேன்.

காக்கா எழும்பினான். கொப்பியை எடுத்துக்கொண்டு பொத்துவில் பஸ்ஸுக்குப் போனான். நான் எழுதிக் கொடுத்த கூட்டு: இரண்டு இலட்சத்து நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.