எரிமலைத் தீவுக்கு உத்தரவு

என் மகளின் போனை அவர் தொரட்டியால் அடித்து உடைத்தது கோயில் கொடைக்கு நாலு நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை காலையில். ஆட்டுக்குக் குழை பறிக்கிற நீளக் கம்புதான் தொரட்டி. நுனியில் வளைந்த அரிவாள் கட்டியிருக்கும். போன் கட்டிலின் மேல் கிடந்தது. அதில் ஒரு படம், கடலுக்கு நடுவில் கருப்பாக ஒரு மலை, உச்சியில் புகை. ஒரே அடிதான். கண்ணாடித் துண்டு தெறித்து என் முழங்கையில் ஏறியது.

"தீவாம்ல தீவு! சாமிப் பெட்டியில கை வைக்க உனக்கு எம்புட்டுத் துணிச்சல், ஏட்டி?" என்றார்.

அவர் என் வீட்டுக்காரர். எப்போதும்வென்றான் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன ஊர். ஆடு மேய்க்கிற குடும்பம், கொஞ்சம் கரிசலும் உண்டு. மழையைப் பார்த்து உளுந்தோ சோளமோ போடுவோம். எங்கள் குலசாமி கோயிலில் அவர்தான் கோமரத்தாடி. வருஷத்துக்கு ஒருமுறை கொடை நடக்கும்போது சாமி அவர் மேல்தான் இறங்கும். அவர் அரைக்குக் கட்டுகிற சல்லடம், காலுக்குச் சலங்கை, கையில் பிடிக்கிற சாட்டை எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். என்னுடைய ஆதார் அட்டையையும் அவர் அதற்குள்தான் போட்டு வைத்திருந்தார். விமானத்துக்கு ஆதார் வேண்டும் என்று மகள் சொன்னதால், அவர் ஆட்டைப் பத்திக்கொண்டு போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். தண்ணீர்க் கேனை மறந்துவிட்டு அவர் திரும்பி வருவார் என்று யார் கண்டது. எதற்கு என்று உலுக்கிக் கேட்டதில் தீவு என்று உளறிவிட்டேன்.

மகள் அந்தமானில் இருக்கிறாள். மருமகனுக்கு அங்கே துறைமுகத்தில் வேலை. கொடைக்கு வந்தவள், திரும்பும்போது என்னையும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று வந்திருந்தாள். கோவில்பட்டியில் ரயில் ஏறிச் சென்னை, அங்கிருந்து விமானம், அவள் வீட்டில் நாலு நாள், அப்புறம் ஒரு சுற்றுலாக் கப்பலில் எரிமலைத் தீவு. தீவில் இறங்க விட மாட்டார்களாம். கப்பலில் நின்றபடியே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

முதலில் நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் யாராவது உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாலே எனக்கு வேர்க்கும். அப்போது அவள் ஒன்று சொன்னாள்.

"யம்மா, அந்தத் தீவுல ஆடு இருக்கு."

"என்ன ஆடு?"

"வெள்ளாடுதான். முந்தின காலத்துல கப்பல்காரங்க விட்டுட்டுப் போனதாம். ஆளு கெடையாது, பேரு கெடையாது. அதுபாட்டுக்குப் பெருகிக் கெடக்கு."

"தண்ணிக்கு என்ன செய்யும்?"

"கடல் தண்ணியவே குடிக்குன்னு சொல்லுதாவ."

"போட்டி, கிறுக்கி. உப்புத் தண்ணியக் குடிச்சா கழிஞ்சுல்லா செத்துப் போவும்."

"அப்போ வந்து நீயே பாரு."

பத்து வயசில் கம்பைப் பிடித்தவள் நான். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அதற்காகத்தான். மேய்க்கிற ஆளில்லாமல், கம்பில்லாமல், நாயில்லாமல், கொடைக்கு வெட்டுகிற அரிவாளில்லாமல் ஒரு ஆட்டுக் கூட்டம், நெருப்பு மலைக்குக் கீழே! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சாவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. அதற்கு முன்னால் எனக்கென்று எதையாவது அப்படி ஆசைப்பட்டேனா என்று யோசித்தால் நினைவுக்கு ஒன்றும் வரவில்லை.

அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் ரகசியமாக ஏற்பாடு செய்தோம். கோவில்பட்டிக்குப் போய் ஜிப்பு வைத்த ஒரு நீலப் பை வாங்கினோம். கப்பல் ஆட்டத்துக்கு வாந்தி வரும் என்று இஞ்சி மரப்பா வாங்கிக் கொடுத்தாள். பேரனுக்குக் கடலை மிட்டாயும் காரச்சேவும். ஆட்டுப் பட்டியை என் கொழுந்தனார் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவருக்கு மட்டும்தான் சொல்லியிருந்தோம்.

வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்பதைத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தோம். கல்யாணமான மூணாம் மாசம், என் பார்வையில் ஒரு குட்டியைக் குள்ளநரி தூக்கிவிட்டது என்று என் இடது சுண்டுவிரலைப் பின்னால் மடக்கி ஒடித்தவர் அவர். குழம்பில் உப்புக் கூடினால் கொதிக்கிற சட்டியோடு தூக்கி எறிவார். ஒருமுறை என் தலைமயிரைப் பிடித்து, கிணற்று மேட்டிலிருந்து வீடு வரை இழுத்துக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்கள் வீட்டிலும் அதுதானே.

போனை உடைத்த அன்று சாயங்காலம் அவர் நீலப் பையையும் கண்டுபிடித்துவிட்டார். முற்றத்தில் போட்டு அரிவாளால் வெட்டினார். ஆட்டுத் தொடையைத் துண்டு போடுகிற மாதிரி நிதானமாக, ஒவ்வொரு வெட்டாக. உள்ளே இருந்த இரண்டு சேலையும் துண்டுதுண்டாக வந்தன. மகள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவளைத் தள்ளினதில் சுவரில் மோதி அவள் உதடு கிழிந்தது. கொழுந்தனார் சத்தம் கேட்டு ஓடிவந்து அரிவாளைப் பிடுங்கினார்.

"யண்ணே, பெத்த பிள்ளையப் போயி..."

"இவ அங்கன போயிட்டா எனக்குக் கஞ்சி ஊத்துறது எவம்ல? நான் கொடைக்குச் சாமியாடுதவன், எல்லையத் தாண்டிப் போக முடியாது. இவளுக்கு மட்டும் கப்பல் கேக்குதோ?"

"பத்து நாளுதான், யண்ணே. எங்க வீட்டுல சாப்பிடுங்க."

அதற்குள் வாசலில் ஆள் கூடிவிட்டது. அவர் சுற்றிப் பார்த்தார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார்.

"சரி, நான் சொல்லல. கொடையில சாமிகிட்ட கேப்போம். சாமி போன்னா போகட்டும். வேண்டாம்னா வாயப் பொத்திட்டுக் கெடக்கட்டும்."

எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. சாமியாக வந்து நிற்கப் போவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். சொல்லிவிட்டு மீசைக்குள் அவர் சிரித்ததை நான் பார்த்தேன்.

கொடை அன்று மதியம். கரிசலில் கால் வைத்தால் கொப்பளிக்கிற வெயில். மேளக்காரர்கள் காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு கிடாய் விழுந்தது. பீடத்துக்கு முன்னால் மண் ரத்தத்தைக் குடித்து மாளாமல் சேறாகி, அதை மிதித்துத்தான் அவர் ஆடினார். ஒரு சேவலின் கழுத்தைப் பல்லால் கடித்துத் துப்பினார். நெஞ்சு, தாடி எல்லாம் சிவப்பு.

சாமி அவர் மேல் வருவதை நான் நம்புகிறவள்தான். நிஜமாக வரும்போது அவர் கண் மேலே செருகிக்கொள்ளும், எதிரில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. அன்றைக்கு அந்தக் கண் பெண்கள் கூட்டத்துக்குள் தேடியது. கடைசி வரிசையில் வேப்பமரத்தை ஒட்டி நின்ற என்னைக் கண்டுபிடித்தது.

"வாட்டி முன்னால!"

கூட்டம் விலகி வழி விட்டது. போய் நின்றேன்.

"கடலத் தாண்டணுமோ உனக்கு?"

சாட்டை விழுந்தது. சாமி சாட்டையால் அடித்தால் நகரக்கூடாது. அது பாக்கியம் என்று வழக்கம். இரண்டாவது அடியில் ரவிக்கை கிழிந்தது. மூன்றாவது அடி ஏற்கெனவே கிழிந்த தோலின் மேலேயே விழுந்தது. மகள் அலறிக்கொண்டு வந்தாள். பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். "சாமி அடிக்கி, குறுக்க போவாத பிள்ள" என்று ஒருத்தி சொல்வது கேட்டது.

"தாண்டுனா ரெண்டு காலையும் முறிச்சுப் போடுவேன். கேட்டுதா?"

தலையை ஆட்டிவிட்டு வரிசைக்குத் திரும்பியிருக்க வேண்டும். அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். நாலாவது அடி காதோடு சேர்த்து விழுந்தது. காதுக்குள் ஒரே இரைச்சல். அந்த இரைச்சலில் எனக்குக் கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. ரத்தச் சேற்றில் மண்டி போட்டேன். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன்.

"அய்யா சாமி" என்றேன். என் குரலை ஊரில் பாதிப்பேர் அன்றுதான் கேட்டிருப்பார்கள். "அம்பது வருசமா உன் கெடாய நான்தான் மேய்ச்சு வளத்து விட்டேன். உன் பீடத்துக்கு எண்ண ஊத்துனேன். நீ கேட்டு நான் இல்லைன்னு சொன்னதில்ல. இப்போ நான் கேக்கேன். அந்தத் தீவப் பாத்துட்டு வர எனக்குத் திருநீறு குடு."

மடியேந்தினவருக்குச் சாமி திருநீறு போட்டே ஆக வேண்டும். போடாமல் சாமி ஆடுகிறவர் உடம்பை விட்டு மலையேற முடியாது, மேளமும் நிற்காது. மடியேந்தினதைக் கண்டும் கை திறக்காவிட்டால் வந்தது சாமியே இல்லை என்றாகிவிடும். ஆத்திரத்தில் அவர் அதை மறந்துவிட்டார். நானும் யோசித்துச் செய்யவில்லை. கை தானாக விரிந்தது.

அவர் இன்னும் இரண்டு அடி அடித்தார். நான் நகரவில்லை. திருநீற்றுக் கொப்பரையைப் பிடித்திருந்த கொழுந்தனார் அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மதினி மடியேந்திட்டாவ, சாமி. போட்டுருங்க."

"பேசாதலே!"

"மடியேந்துனா இல்லைன்னு சொல்லப்படாது, சாமி."

மேளம் வேகம் பிடித்தது. ஒரு கிழவி குலவை போட்டாள், அப்புறம் எல்லாப் பெண்களும். எழுபது தாண்டின உடம்பு, நடு வெயில். அவர் சுற்றினார், நின்றார், மறுபடி சுற்றினார். நெஞ்சு துருத்திபோல ஏறி இறங்கியது. முட்டி மடங்கியது. மேளக்காரர்கள் விடவில்லை. அவர்கள் சாமிக்கு அடிக்கிறார்கள், சாமி போகிற வரை அடிப்பார்கள். எங்கள் இரண்டு பேரில் யார் முதலில் விழுவோம் என்று இருந்தது. என் முதுகில் ஈ மொய்த்தது.

கடைசியில் அவர் கொப்பரைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். போடவில்லை, எறிந்தார். மிளகாய்ப் பொடியை எறிகிற மாதிரி என் முகத்தில். கண் எரிந்து ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பாதி மடியில் விழுந்தது. குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. நான் தடவித் தடவி முந்தானையை முடிந்துகொண்டேன்.

அவர் விழுந்தார். மேளம் நின்றது. மலையேறினபின் வாயில் தண்ணீர் ஊற்றுவது வருஷா வருஷம் என் வேலை. கண்ணைக் கழுவிக்கொண்டு போய், தலையை மடியில் வைத்து ஊற்றினேன். அவர் கண்ணைத் திறந்தார். சாமி பேசினது ஆடினவருக்குத் தெரியாது என்பது முறை. அதனால் எழுந்ததும் அவர் கேட்டாக வேண்டும். ஊரே சுற்றி நின்றது. கேட்டார்.

"சாமி என்ன சொல்லிச்சு?"

"மதினிக்குப் போயிட்டு வர உத்தரவு குடுத்துட்டுண்ணே" என்றார் கொழுந்தனார்.

அவர் என்னைப் பார்த்தார். கொடுக்கவில்லை என்று அவர் சொல்லலாம். சொன்னால், ஆடினது நான்தான் என்று சொல்லவேண்டி வரும். இத்தனை வருஷம் அவர் சொன்ன குறிக்குக் கல்யாணம் நிறுத்தினவர்கள், நிலம் விட்டவர்கள் எல்லாம் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். வாயிலிருந்த தண்ணீரை என் சேலையிலேயே துப்பினார்.

"சாமி சொன்னா சரிதான்" என்றார்.

மூன்றாம் நாள் கிளம்பினோம். துணிமணியை உரச் சாக்குப் பையில் எடுத்துக்கொண்டோம். கொடைக்குப் பெட்டியைத் திறந்தபோதே கொழுந்தனார் என் ஆதார் அட்டையை எடுத்து வைத்திருந்தார். அவர் வாசல் நிலையில் நின்றார், ஒரு கையைக் குறுக்கே நீட்டி எதிர் நிலையைப் பிடித்தபடி. விலகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அடிக்கவும் அவரால் முடியவில்லை. தெருவில் ஆள்கள் இருந்தார்கள். அந்தக் கைக்கு அடியில் குனிந்து வெளியே வந்தேன். அவர் அக்குளின் வேர்வை என் நெற்றியில் பட்டது. பின்னாலிருந்து எப்போது விழும் என்று தெருமுனை வரை பிடரியைச் சுருக்கிக்கொண்டே நடந்தேன். விழவில்லை.

பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. சீட்டில் முதுகைச் சாய்க்க முடியவில்லை. முன் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"யம்மா, வலிக்கா?"

"வலிக்கத்தான் செய்யுது."

"திரும்பிருவமா? மழைக்குப் பொறவு ஒரு நாள் போலாம்."

"பேசாம உக்காருட்டி" என்றேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. கோவில்பட்டி வருகிற வரைக்கும் நான் முதுகைச் சாய்க்கவில்லை.