பேப்பர் கப்

என் பேத்தியை மறுபடியும் பேச வைத்த ஒருவரை, அவள் கண் முன்னாலேயே நான் இழிவுபடுத்தினேன். தெரியாமல் செய்ததல்ல. தீண்டாமை பாவம் என்று பாடப்புத்தகத்தில் அச்சிட்டிருப்பதைப் பிள்ளைகளை வாய்விட்டுப் படிக்கச் சொன்ன தலைமையாசிரியர் நான்.

என் மகளும் மருமகனும் பிரிந்தபோது பேத்திக்குப் பதினைந்து வயது. அம்மாவும் பெண்ணும் அவிநாசிப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்தார்கள். மகள் தினமும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவாள். பேத்தி, கேட்டதற்குத் தலையாட்டுவாள். அவ்வளவுதான்.

ஒரு நாள் எங்கள் மாடு கன்று போட முடியாமல் தவித்தது. கால்நடை மருந்தகத்திலிருந்து பெண் டாக்டர் வந்தார். முப்பது வயதிருக்கும். ஓரமாக நின்ற பேத்தியைப் பார்த்து, "அம்மணி, சும்மா நிக்காத. இந்தக் கயித்தப் புடி" என்றார். கன்று வெளியே வந்து விழுந்ததும் அவள் சிரித்துவிட்டாள். நான் வைக்கோலை அள்ளுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் மருந்தகத்துக்குப் போனாள். டாக்டரக்கா அவளுடைய அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லையாம். ஆட்டுக்கு எந்த இடத்தில் ஊசி போடுவது என்றுதான் கேட்பாராம். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து குடற்புழுவைப் பற்றிப் பேசினாள். முகம் சுளித்துக்கொண்டே நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

ஆடி மாதம் அந்தியூர்க் குதிரைச் சந்தையில் டாக்டருக்கு முகாம் வேலை. பேத்தியையும் கூட்டிப் போகட்டுமா என்று கேட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். சாதியைத் தெரிந்துகொள்ள எங்கள் ஆட்கள் கேட்பதையே நானும் கேட்டேன். "உங்களுக்கு எந்த ஊருங்க? யாரு ஊடுங்க?" அவர் மறைக்காமல் சொன்னார். அவருடைய தாத்தா என் மாமன் தோட்டத்தில் பண்ணையத்து ஆளாக இருந்தவர். அப்போது பேத்தி இரண்டு எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டு வந்தாள்.

"ஒண்ண பேப்பர் கப்புல ஊத்திக் கொண்டா கண்ணு" என்றேன்.

தோட்டத்து ஆட்களுக்கென்றே எங்கள் வீட்டில் பேப்பர் கப் அடுக்கி வைத்திருப்போம். கேட்டால் சுகாதாரம் என்போம். டாக்டர் எழுந்தார். "இருக்கட்டுங்க. குடிச்சுப்போட்டுத்தானுங்க வந்தேன்."

பேத்தி மருந்தகத்துக்குப் போவதை நிறுத்தினாள். "எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறதுங்க அப்புச்சி?" என்றாள். அதன்பின் பேசவில்லை. தண்ணீர், மோர், காப்பி எல்லாவற்றையும் பேப்பர் கப்பிலேயே குடித்தாள்.

"உங்க கப்பு தீரப்போகுதுங்கப்பா. இன்னொரு கட்டு வாங்கியாங்க, உங்க பேத்திக்கு வேணுமாம்" என்றாள் மகள்.

மூன்றாவது வாரம் பஸ் ஏறி மருந்தகத்துக்குப் போனேன். ஆட்டுக்காரர்களோடு வரிசையில் நின்றேன்.

"மாடு எங்கீங்க?" என்றார் டாக்டர்.

"மாட்டுக்கு இல்லீங்க. நாஞ் செஞ்ச தப்புக்கு வந்தேனுங்க." எல்லோர் காதிலும் விழும்படி, செய்ததைச் சொன்னேன். பின்னால் நின்றவர், "நல்லாப் படிச்சீங்க போங்க" என்றார்.

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே பேசினார். "மன்னிப்பெல்லாம் எனக்கு இப்ப வராதுங்க. சனிக்கிழமை புள்ளைய அனுப்புங்க. அவ என்ன செஞ்சா?"

பேத்தி அந்தியூருக்குப் போய் வந்தாள். குதிரை மிதித்த கால் விரலை வீடு முழுக்கக் காட்டிக்கொண்டு நொண்டினாள். இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். சனிக்கிழமை தவறுவதில்லை.

மிச்சமிருந்த கப்புகளை அடுப்பில் போட்டேன். தோட்டத்து ஆட்களுக்கும் இப்போது அதே டம்ளர்தான். கழுவி வைப்பதில் என் முறையும் உண்டு. மாட்டைப் பார்க்க டாக்டர் வரும்போதெல்லாம் நானே இரண்டு டம்ளரில் டீ போட்டு எடுத்துப் போகிறேன். "வேண்டாமுங்க" என்று கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"சக்கர ஜாஸ்திங்க அப்புச்சி" என்று சொல்லிக்கொண்டே இரண்டு டம்ளரையும் பேத்திதான் காலி செய்கிறாள்.