கொடிக்கு முதுகு காட்டும் வேலை

1. டெரெக் சொன்ன பாடம்

கிரிக்கெட் மைதானத்தில் கூட்டத்தைக் கவனிக்கும் ஸ்டூவர்ட் வேலைக்கு நான் சேர்ந்த முதல் நாள், எங்கள் மேலாளர் டெரெக் புதியவர்களை வரிசையாக நிறுத்திவைத்துச் சொன்னார். "பந்து எங்கை போனது எண்டு உங்களுக்குத் தெரிஞ்சா, நீங்கள் வேலை செய்யேல்லை எண்டு அர்த்தம்." அவர் பேசியது ஆங்கிலம். அதை என்னுடைய யாழ்ப்பாணத் தமிழில் எழுதினால்தான் எனக்கு அவர் குரல் கேட்கிறது, ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

மஞ்சள் ஜக்கெட் போட்டவர் ஆட்டத்துக்கு முதுகையும் கூட்டத்துக்கு முகத்தையும் காட்டி நிற்க வேண்டும். விக்கெட் விழுந்தாலும் திரும்பக்கூடாது. தேசிய கீதம் ஒலிக்கும்போதும் இதே விதிதான். எல்லோரும் எழுந்து நின்று கொடியைப் பார்ப்பார்கள், நாங்கள் கொடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர்களைப் பார்ப்போம். சம்பளமும் தந்து கிரிக்கெட்டும் காட்டுகிறார்கள் என்று லண்டனில் நாங்கள் இருந்த மிச்சம் பகுதியில் எங்கள் ஆட்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். வீட்டுக்குப் போனால் என் மனுஷன் ஸ்கோர் கேட்பார். "எனக்கென்ன தெரியும், ரீவியைப் போடுங்கோ" என்பேன். நான் பார்த்ததெல்லாம் பியர் குடித்துச் சிவந்த முகங்கள்.

ஜெர்மனியில் பல வருடம் ஹோட்டல் அறைகள் துப்புரவு செய்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்த குடும்பம் எங்களுடையது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை, ஊரில் சண்டை முடியாத காலம். நான் நின்ற பார்வையாளர் புளொக்கில் மேல்படியில் நிற்பவர் நிமல், சிங்களவர், என்னைவிட இளையவர். அவர்கள் மொழியிலும் அக்கா என்றால் அக்காதான் என்பதால் என்னை அக்கா என்றே கூப்பிடுவார். மற்றப்படி எங்கள் பேச்சு ஆங்கிலத்தில். அவர் மீன் வைத்த மாலுப் பாண் கொண்டுவருவார், நான் வடை கொண்டுபோவேன். அவருடைய தம்பி ஆமியில் சிப்பாயாக இருப்பது எனக்குத் தெரியும். என் தங்கச்சியின் வீட்டில் ஷெல் விழுந்தது அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை.

2. எழும்பாத ஆள்

அன்று இலங்கைக்கும் இங்கிலாந்துக்கும் ஆட்டம். வெளியே எங்கள் தமிழ் ஆட்கள் எதிர்ப்புப் பதாகைகளோடு நிற்கிறார்கள் என்று காலைக் கூட்டத்தில் டெரெக் சொன்னார். சொல்லிவிட்டு என்னையும் நிமலையும் மட்டும் பார்த்து, "உங்கள் ரண்டு பேராலையும் பிரச்சினை வராதுதானே?" என்று கேட்டார். அங்கே நின்றவர்களில் வேறு யாரிடமும் அதைக் கேட்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நிமல் என் ஜக்கெட்டின் கையைப் பிடித்து இழுத்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கும் முன் கீதங்கள். முதலில் இலங்கையினுடையது. ஒலிபெருக்கியில் அறிவித்ததும் என் புளொக் முழுவதும் எழுந்தது, ஒருவர் மட்டும் எழும்பவில்லை. படிக்கட்டை ஒட்டிய சீட், முப்பது வயது இருக்கும், மெலிந்த ஆள், மடியில் சாப்பாட்டுப் பெட்டி. பார்த்ததுமே எங்கள் ஆள் என்று தெரிந்தது.

அவருக்குப் பின்வரிசையில் சிங்கக் கொடியைப் போர்த்துக்கொண்டு ஒரு பெரியவரும் அவரோடு வந்த இளைஞர்களும். கீதத்தின் முதல் அடி முடியவில்லை, அந்தப் பெரியவர் இவருடைய சீட்டின் முதுகில் காலால் உதைத்தார். "எழும்படா" என்று ஆங்கிலத்தில் கத்தினார். சுற்றி நின்ற ஏழெட்டுப் பேர் பாடுவதை விட்டுவிட்டு இவரைத் திட்டத் தொடங்கினார்கள். புலி என்றார்கள். ஒருவன் கையில் இருந்த தண்ணீரை இவர் தலையில் ஊற்றினான். மனிதன் அசையவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் கையால் மூடிக்கொண்டார்.

நான் படியில் இறங்கி அவர் பக்கத்தில் குந்தினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது கோபம் அவர் மேல்தான். வெளியே பதாகையோடு நிற்க வேண்டியவர் உள்ளே வந்து என் வேலைக்கு உலை வைக்கிறாரே என்று நினைத்தேன்.

"தம்பி, எழும்புங்கோ. ரண்டு நிமிசப் பாட்டு. கொள்கையை வெளியிலை வச்சுக்கொள்ளலாம்."

"ஏலாதக்கா."

"ஏன், கால் சுகமில்லையோ?"

"கால் நல்லாத்தான் இருக்கு. ஆமிக் காம்பிலை வச்சு இந்தப் பாட்டைப் பாடச் சொல்லித்தான் எனக்கு அடிச்சவங்கள். பிழை விட்டா திரும்ப முதல்லையிருந்து பாடோணும். அண்டைக்கு எழும்பி நிண்டுதான் பாடினனான். இனி எழும்பமாட்டன்."

"பிறகேன் இஞ்சை வந்தனீங்கள்?"

"கிரிக்கெட் பாக்கத்தான்."

அதற்கு மேல் என்ன கேட்பது? அப்போது என் வோக்கி ரோக்கியில் டெரெக்கின் குரல் வந்தது. கொன்ட்ரோல் ரூமில் இருந்து கமராவில் பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஜெய், எழும்பாமல் இருக்கிற ஆளை வெளியிலை எடு. கேற்றிலை பொலிஸ் நிக்குது, பேர் விலாசத்தை அவையள் எடுப்பினம்." ஜெயலட்சுமி என்ற என் பெயர் அவர் வாயில் நுழையாது.

பொலிஸ் என்ற சொல் கேட்டதும் அந்தத் தம்பியின் முகம் வெளிறிவிட்டது. அவ்வளவு திட்டுக்கும் உதைக்கும் அசையாத ஆள் என் ஜக்கெட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, பொலிஸ் வேண்டாம். என்ரை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. கிழமைக்குக் கிழமை இமிக்ரேசனிலை போய்க் கையெழுத்து வைக்கிறன். பொலிஸிலை பேர் போனா உள்ளுக்கு வச்சுத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்."

அது சட்டப்படி நடக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கையெழுத்து வைக்கப் போய் வீடு திரும்பாத பிள்ளைகளை மிச்சம் பகுதியிலேயே எனக்குத் தெரியும். திருப்பி அனுப்பினால் அவர் போய் இறங்குவது அதே காம்ப் இருக்கும் நாட்டில்.

வோக்கியில் கேட்டேன். "டெரெக், ஆள் எந்த விதியை மீறினவர்? எழும்போணும் எண்டு விதி இருக்கோ?"

"விதியை விடு, ஜெய். ஒருத்தனை எடுக்கிறது லேசோ, இருவது பேரை எடுக்கிறது லேசோ?"

நான் பதில் சொல்லுமுன் இலங்கைக் கீதம் முடிந்து இங்கிலாந்துக் கீதம் தொடங்கியது. அந்தத் தம்பி சாப்பாட்டுப் பெட்டியைச் சீட்டுக்குக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நேராக.

அவருக்கு அது நியாயம். இருக்க இடம் கேட்ட நாட்டுக்கு மரியாதை செய்கிறார். ஆனால் பின்வரிசைக்கு அது எப்படி இருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. வெள்ளைக்காரன் பாட்டுக்கு எழும்புகிறான், பிறந்த நாட்டுப் பாட்டுக்கு எழும்பமாட்டானாம் என்று கொடி போர்த்த பெரியவர் சீட்டைத் தாண்டி இவருடைய சட்டைக் கொலரைப் பிடித்துவிட்டார்.

சரி, வெள்ளைக்காரராவது சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? அதற்கும் மேல்வரிசையில் காலையிலிருந்து குடித்துக்கொண்டிருந்த ஒரு கூட்டம். தங்கள் ராணியின் பாட்டுக்கு நடுவில் சத்தம் கேட்டதும் அதில் ஒருத்தன் பியர்க் கோப்பையை வீசினான். "உங்கடை சண்டையை உங்கடை நாட்டிலை போய்ப் பிடியுங்கோடா, பாக்கிகளே" என்று கத்தினான். தம்பி, பெரியவர், கொடி, என் ஜக்கெட் எல்லாவற்றிலும் பியர். பாக்கிஸ்தானி என்ற ஏச்சுத்தான் அது, அவனுக்கு எங்களுக்குள் யார் தமிழ், யார் சிங்களம் என்ற கவலையே இல்லை. எழும்பாமல் இருந்தபோது எழும்பச் சொன்னார்கள், எழும்பினால் ஊருக்குப் போகச் சொல்கிறார்கள்.

பெரியவர் தம்பியின் கொலரை விட்டுவிட்டு மேலே திரும்பினார். அவருடைய இளைஞர்கள் சீட்டுகளில் ஏறினார்கள். மேலே இருந்தவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். நடுவில் அந்தத் தம்பியும் நானும்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தலைக்கு மேலே கையை விரித்துத் தூக்கினால், பக்கத்தில் நிற்பவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் வந்து தோளோடு தோள் நிற்க வேண்டும். நான் கையைத் தூக்கினேன். பக்கத்தில் நின்றது நிமல்தான்.

நிமல் உடனே வரவில்லை. எத்தனை விநாடி என்று எனக்குத் தெரியாது, எனக்கு அது நீளமாகத்தான் இருந்தது. கொடி போர்த்த பெரியவர் லண்டன் கிங்ஸ்பரியில் நிமலின் தெருக்காரர். நிமலுடைய கீதத்துக்கு எழும்பாத ஒருவனுக்காகத்தான் நான் கையைத் தூக்கியிருக்கிறேன். வரமாட்டார் என்று நினைத்தேன். கையை இறக்குவோமா என்றுகூட நினைத்தேன்.

பிறகு படியில் இரண்டிரண்டாகக் குதித்து வந்தார். தம்பிக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவர், எங்கள் முகம் கூட்டத்துக்கு. பெரியவரிடம் சிங்களத்தில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். பெரியவர் நிமலைப் பெயர் சொல்லித் திட்டினார், எனக்கு விளங்கிய ஒரே சொல் துரோகி என்பதுதான். நிமல் நகரவில்லை.

நான் வோக்கியைத் தூக்கினேன். "இனத் துவேசப் பேச்சு, கோப்பை வீச்சு. மேல்வரிசை. றெஸ்பொன்ஸ் ரீம் வேணும்." இந்தச் சொற்களை வோக்கியில் சொன்னால் அது பதிவாகும், யாராலும் கேட்காத மாதிரி இருக்க முடியாது. டெரெக்காலும் முடியவில்லை. பாதுகாப்பு ஆட்கள் நாலு பேர் இறங்கி வந்து கோப்பை வீசியவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது அவன் கேட்டான், பாட்டுக்கு எழும்பாதவனை விட்டுவிட்டு, எழும்பி நின்ற என்னை ஏன் எடுக்கிறீர்கள் என்று. தம்பியை வெளியே எடுக்கும் பேச்சை டெரெக் பிறகு எடுக்கவில்லை. முதல் பந்து போட்டார்கள். அதை நான் பார்க்கவில்லை. எல்லோரும் சீட்டில் இருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

3. கார் பார்க்

ஆட்டம் முடிந்து சனம் வெளியேறும்போது நான் நின்ற வெளிவாசல் கேற்றுக்கு ஒரு பொலிஸ்காரர் வந்தார். கொடி போர்த்த பெரியவர் முறைப்பாடு கொடுத்திருக்கிறார்: ஒரு தமிழன் கீதத்தை அவமதித்தான், இரண்டு ஸ்டூவர்ட்டுகள் கொடிக்கு முதுகு காட்டி அவனுக்குத் துணை போனார்கள். "கீதத்துக்கு எழும்பாத ஆள் எந்தச் சீட்?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

அந்தத் தம்பி அப்போது எங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கத்துக்குக் கேற் அது ஒன்றுதான். மஞ்சள் ஜக்கெட்டுக்குப் பக்கத்தில் பொலிஸ் தொப்பியைக் கண்டதும் அவர் நடை தளர்ந்தது. பின்னால் சனம் நெருக்கியது, திரும்பிப் போக வழியில்லை.

"எழும்பாமல் இருக்கிறது குற்றமோ?" என்று கேட்டேன்.

"குற்றமில்லை. சும்மா ஒரு பேரை எடுத்து வைப்பம் எண்டுதான்."

"குற்றம் செய்தவையின்ரை சீட் எனக்குத் தெரியும். தண்ணி ஊத்தினவன், உதைஞ்சு கொலரைப் பிடிச்சவர். அதைச் சொல்லட்டோ?"

அவர் என்னைப் பார்த்தார். தம்பி பொலிஸ்காரரின் முழங்கையை உரசிக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவால் போனார். நான் அவரைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. பஸ் தரிப்பிடத்துச் சனத்துக்குள் கலந்துவிட்டார். "ஒண்டும் தேவையில்லை" என்று சொல்லி பொலிஸ்காரரும் போய்விட்டார்.

டெரெக் கெட்ட மனிதர் இல்லை. முறைப்பாட்டைப் படித்துவிட்டு, முதுகு காட்டச் சொன்னது தான்தான் என்று மேலிடத்துக்கு எழுதிக்கொடுத்தார். ஆனாலும் அந்த சீசன் முடியும்வரை என்னையும் நிமலையும் கார் பார்க்கில் போட்டார். "உங்கடை நன்மைக்குத்தான்" என்றார். எங்கள் நன்மைக்கு மழையில் நின்று கார்களுக்குக் கை காட்டினோம்.

அங்கே ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது நிமலுக்கு நன்றி சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"நன்றி சொல்ல வேண்டாம், அக்கா. அவனுக்காக நான் வரேல்லை. நீங்கள் கையைத் தூக்கினீங்கள், அதாலை வந்தனான். ஆட்டம் பாக்க ரிக்கெட் வாங்கிக்கொண்டு போயிருந்தா நானும் பின்வரிசையிலை நிண்டு கத்தியிருப்பன்."

எனக்குச் சுருக்கென்றது. ஏச வாயெடுத்துவிட்டு நிறுத்தினேன். ரிக்கெட் வாங்கிக்கொண்டு போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். அந்தத் தம்பிக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்திருப்பேன். கீதம் தொடங்கியதும் எழும்பியிருப்பேன், பயத்தில். அவரைத் தெரியாத மாதிரி நேரே பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். அதை நிமலிடம் அப்படியே சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப ரண்டு பேரும் ரிக்கெட் வாங்காமல் இருக்கிறதுதான் நல்லது" என்றார். ஒரு கார் வந்தது, எழுந்து போய்க் கை காட்டினார்.

இந்த வேலைக்கு இப்போது எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் போகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கீதம் ஒலிக்கும்போது உங்களுக்கும் திரும்பிப் பார்க்க ஆசை வரும். திரும்பாதீர்கள். கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் யாரும் அன்று அந்தத் தம்பியின் தலையில் இருந்து தண்ணீர் வடிந்ததைக் காணவில்லை. நான் கண்டேன், நிமல் கண்டார். நாங்கள் மற்றவர்களைவிட நல்லவர்கள் என்பதால் அல்ல, அந்தப் பக்கம் பார்க்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.