மருந்து வைத்தவள்

என் வீட்டுக்காரருக்குக் கெலவரப்பள்ளி அணைத் தண்ணீர் பாயும் ரோஜாத் தோட்டத்தில் வேலை. நாளெல்லாம் வெறுங்காலோடு சேற்றில் நிற்பார். மூட்டு வீக்கத்துக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை மாசக்கணக்கில் சாப்பிட்டார். வலி போனது, வயிறு பிடித்துக்கொண்டது. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. தொப்புளைச் சுற்றிச் சிவப்புக் கோடுகள், காலையில் ஓரிடம் சாயந்திரம் வேறிடம் என்று நகர்ந்தன.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து நானேதான் ஊத்தங்கரைக்குப் போன் போட்டு மூத்தாரை வரவழைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் அந்தக் கோடுகளைப் பார்த்தார். நான் சோற்றில் வசிய மருந்து வைத்து அவர் தம்பியை ஓசூரிலேயே மடக்கிப் போட்டிருக்கிறேனாம், அதுதான் உள்ளே திரிகிறதாம். கம்பெனியில் கால் கடுக்க நின்று சம்பாதித்துப் போட்டவளுக்கு அந்தப் பட்டம்.

சிங்காரப்பேட்டைப் பக்கம், வைத்த மருந்தை வயிற்றிலிருந்து எடுக்கிற ஒருத்தியிடம் எங்களை இழுத்துப் போனார். அவள் என் வீட்டுக்காரர் வயிற்றில் வாய் வைத்து உறிஞ்சி, மயிர் சுற்றிய ஓர் உருண்டையைத் துப்பினாள். உடனே என் கூந்தலைப் பிடித்து மூத்தார் சுவரில் மோதினார். உதடு கிழிந்தது. கையில் அகப்பட்ட பித்தளைச் செம்பால் அவர் மண்டையில் போட்டேன். ரத்தம் கண்ணில் வழிய உட்கார்ந்துவிட்டார். இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தமில்லை. என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

அங்கேயே என் வீட்டுக்காரர் ரத்தமாக வாந்தியெடுத்தார். ஓசூர் ஆஸ்பத்திரியில் மலத்தைச் சோதித்துவிட்டுப் புழு என்றார்கள். சேற்றிலிருந்து காலைத் துளைத்து ஏறி எப்போதிருந்தோ சும்மா கிடந்ததாம். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கியதும் குடலுக்குள்ளேயே பெருகிவிட்டதாம். தோலுக்கடியில் ஊர்ந்த கோடும் அதுதானாம். இன்னும் தாமதித்திருந்தால் ஆள் தங்கியிருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

புழு மாத்திரையை நான் நீட்டினேன். தலையில் கட்டோடு வாசலில் நின்ற அண்ணனை அவர் பார்த்தார்.

"நர்ஸம்மா குடுக்கட்டும்," என்றார்.

கன்னத்தில் ஒன்று விட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

"இத்தினி வருசமா யாரு கையில தின்ன?"

மாத்திரையைப் பாதியாக ஒடித்து, ஒரு பாதியைக் கிழிந்த உதட்டோடு மென்று விழுங்கினேன். வாயைத் திறந்து காட்டினேன். அவர் தாடையை அழுத்திப் பிடித்து மறுபாதியை உள்ளே தள்ளினேன். நர்ஸ் கத்திக்கொண்டே, நான் தின்றதற்கு ஈடாக இன்னொரு பாதியை எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி என் கையில் வைத்துவிட்டு வாயைத் திறந்தார்.