பட்டன் டப்பாவில் மாத்திரை

எங்கள் தெருக் கட்டிங் மாஸ்டர் வெட்டிய கோட்டைப் போட்டால் கூன் விழுந்தவருக்கும் முதுகு நிமிரும். கழற்றினால் பழையபடி வளையும். கண்ணால் பார்த்தவள் சொல்கிறேன். வாய்தான் கத்திரியைவிடக் கூர்மை. தையல் கொஞ்சம் கோணினாலும், கடையில் தைக்கும் மருமகனின் பரம்பரையையே பிரித்துப் போடுவார். அவன் ஏதாவது பதில் சொன்னால், “வாயை மூடிக்கிட்டுத் தைங்க மாப்பிள்ளை” என்பார்.

ஒருநாள் மாஸ்டருக்குப் படியேற முடியாமல் மூச்சு வாங்கியது. நெஞ்சில் கருவி வைத்தார்கள்.

“இதயத்தோட ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு தாளம் போடுது. இந்தக் கருவி ரெண்டையும் சேர்ந்து துடிக்க வைக்கும். துடிப்பு தறிகெட்டு ஓடினா ஷாக் கொடுத்து நிறுத்தும். அப்படி ஓடாம இருக்கத்தான் இந்த மாத்திரை, விட்டுடாதீங்க” என்றார் டாக்டர்.

மாத்திரை துடிப்பை அடக்கியது, கையை ஆட்டிவைத்தது.

“என்ன மாமா, கத்திரி ஆடுது? பாட்டுப் போடவா?” என்றான் மருமகன். வெட்டுமேசை மேல் அவனுக்கு நெடுநாளாக ஒரு கண்.

டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை கொடுத்திருப்பார். கை நடுங்குகிறது என்று சொல்லத்தான் மாஸ்டருக்கு வாய் வரவில்லை. மகள் தரும் மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி, வெள்ளைப் பட்டன் டப்பாவில் துப்பினார். கை ஆட்டம் நின்றது. மேசையும் அவரிடமே நின்றது.

ஒரு மாப்பிள்ளைப் பையன் எதிரில் நிற்க, அவன் கல்யாணக் கோட்டை வெட்டும்போது துடிப்பு தறிகெட்டு ஓடியது. கருவி உள்ளேயிருந்து குதிரைபோல் உதைத்தது. மாஸ்டர் விழுந்தார்; விழுந்த கையோடு கத்திரி முதுகுத் துணியைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவருக்கு மறுபடி மாத்திரை, மறுபடி நடுக்கம். மேசையில் மருமகன். பட்டன் தைக்க மூலையில் அவருக்கு ஒரு ஸ்டூல், அதே பட்டன் டப்பா. திறந்தால், பட்டன்களோடு அவருடைய மாத்திரைகள்.

“அது எனக்கு அப்பவே தெரியும் மாமா.”

“தெரிஞ்சுமா சொல்லல?”

“வாயை மூடிக்கிட்டுத் தைக்கச் சொன்னது நீங்கதானே!”

இப்போது அந்தக் கடைக் கோட்டுகளுக்கெல்லாம் வலது தோள் தொங்குகிறது. போட்டவர் நிமிர்ந்து நின்றாலும் கூன். தைத்தவை திரும்பி வருகின்றன, வாடிக்கைக்காரர்கள் வருவதில்லை.

“வெட்டுல எந்த இடத்துல தப்புன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா? கடையே போயிடும்” என்று மகள் அழுகிறாள்.

மாஸ்டர் ஊசியில் நூல் கோக்கப் பார்க்கிறார். நூல் ஒரு பக்கம், ஊசிக்காது ஒரு பக்கம் ஆடுகின்றன.

“வேலை விஷயம் பேசினா எனக்குக் கோபம் வரும்மா. கோபமே ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே” என்கிறார், தேனாக.