இறங்காமல் ஏற ஒரு புல்லட்

தங்கராஜுக்குப் புல்லட் என்றால் உயிர். மண்ணரையில் எங்கள் சந்துக்குள் முதலில் அதன் சத்தம் வரும், பிறகுதான் ஆள் வருவார். பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். வாரமெல்லாம் முதலாளியின் மெஷினைப் பிரித்துப் பூட்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமை தன் வண்டியைப் பிரிப்பார். பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பாவத்துக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

வேகம் வேண்டும் என்று அவரே ஏதேதோ மாற்றியதில் அந்த வண்டி சமதளத்தில் பறக்கும், மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும். போன வருஷம் தைக் கிருத்திகைக்கு மனைவி கோமளாவை ஏற்றிக்கொண்டு சிவன்மலைக்குப் போனார். மலைப்பாதையில் இரண்டாவது வளைவிலேயே வண்டி திணறி நின்றுவிட்டது. கோமளா இறங்கி நடந்தாள். எனக்குத் தங்கச்சி முறை. கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள், அது ஒரு குற்றமா? அந்த நேரம் பார்த்து அவளுடைய அண்ணி தரணி ஸ்கூட்டரில் தாண்டிப் போனாள்.

"நட கோமளா, நட! ஒடம்புக்கு நல்லது!"

வழியில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கோமளாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. தங்கராஜுக்குப் பொறுக்கவில்லை.

"அடுத்த கிருத்திகைக்கு நீ எறங்கவே வேண்டாம் கண்ணு. இது சத்தியம்" என்றார்.

சத்தியம் செய்தவர் இன்ஜினைப் பிரித்ததும் பழைய புத்தி திரும்பிவிட்டது. சிலிண்டரை அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போட்டால் நூற்றிருபதில் போகலாம் என்று ஆரம்பித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. லேத் பட்டறை வைத்திருக்கும் டேனியல் பொறுமைசாலி.

"ஸ்ட்ரோக்கைக் கூட்டுங்ணா. பிஸ்டன் ஏறி எறங்கற தூரம் நீண்டா மெதுவாப் போறப்பவே நல்லா இழுக்கும். ஆனா மேல்வேகம் கொறைஞ்சு போயிருமுங்ணா."

மேல்வேகம் என்றதும் தங்கராஜின் முகம் வாடிவிட்டது. இரண்டு வாரம் யோசித்தார். அவரைக்காய் அரிந்துகொண்டிருந்த கோமளாதான் முடித்துவைத்தாள்.

"ஏனுங்க மாமா, கம்பெனிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எத்தன கியர் போடுவீங்க?"

"மூணு."

"அப்பறம் நூத்தியிருவது எந்த ரோட்டுலீங்க?"

ஸ்ட்ரோக்கைக் கூட்டுவதென்று முடிவானது. பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்கில் அதன் இரும்புப் பின்னை மூன்று மில்லிமீட்டர் வெளியே தள்ளிப் போட்டுக் கொடுத்தார் டேனியல். மேல்மூடி தவிர எல்லாவற்றையும் பூட்டிக் கையால் சுற்றிப் பார்த்தோம். பிஸ்டன் சிலிண்டருக்கு மேலே மூன்று மில்லிமீட்டர் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. கீழே எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்த தங்கராஜ், மேலேயும் அவ்வளவு ஏறும் என்பதை மறந்துவிட்டார். அப்படியே மூடியிருந்தால் முதல் உதையிலேயே வால்வில் இடித்திருக்கும். தங்கராஜ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கிருத்திகைக்கு ஒரு வாரம்கூட இல்லை.

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் ராடைக் குட்டையாகப் போட்டால் மறுநாளே ஓட்டலாம். நான் அதைத்தான் சொன்னேன்.

"ஓடுமுங்க. ஆனா ராடு குட்டையானா ரொம்பச் சாயும், பிஸ்டனைச் செவுத்துல வெச்சு அழுத்தும். சீக்கிரம் தேஞ்சு போயிரும்" என்றார் டேனியல். "பழைய ராடே இருக்கட்டும்னா சிலிண்டருக்கு அடியில ஒரு தகடு வெச்சுத் தூக்கோணும். வால்வைத் தள்ளற கம்பியையும் நீளமாச் செய்யோணும். அதுக்கு நாளாகும்."

"கிருத்திகை முக்கியமா, ராடு முக்கியமா?" என்று நான் கத்தியே விட்டேன்.

தங்கராஜ் நிதானமாக நிமிர்ந்தார். "ஒருக்கா ஏறுனாப் போதுமா மச்சான்? அவ வருசா வருசம் ஏறோணும்."

இந்த ஆளையா இத்தனை நாள் கிண்டல் செய்தோம் என்றிருந்தது. தகடும் கம்பியும் கிருத்திகைக்கு முதல் நாள் மாலை வந்து சேர்ந்தன. இருட்டுவதற்குள் பூட்டினோம். எங்கள் சந்துக்குள் இரண்டு தரம் சுற்றிவந்ததோடு சரி, மேட்டில் ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

மறுநாள் அவர்கள் முன்னால் போக, நான் என் வண்டியில் பின்னாலேயே போனேன். மலை அடிவாரத்தில் கோமளா புருஷனின் சட்டையை இறுக்கிப் பிடித்தாள். முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவு வந்தது, போன வருஷம் நின்ற அதே இடம். புல்லட் அலட்டிக்கொள்ளவே இல்லை. டுப் டுப்பென்று நிதானமாக இழுத்துக்கொண்டு ஏறியது. ஓரமாகப் போய்க்கொண்டிருந்த தரணியின் ஸ்கூட்டரையும் தாண்டியது. கோமளா அண்ணிக்கு ஒரு டாட்டா காட்டினாள், அவ்வளவுதான்.

மேலே கோயில் முன்னால் தங்கராஜ் வண்டியை நிறுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எறங்கு கோமளா. சாமி கும்புடலாம்."

கோமளா அசையவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"நா எறங்க மாட்டேனுங்க. வண்டியத் திருப்புங்க மாமா, இன்னொருக்கா ஏறலாம்."