ஊசி கிடைத்துவிட்டது

சௌந்தரத்தின் கையைப் பார்த்தால் இது ஷூ கம்பெனிக் கை என்று ஆம்பூரில் யாராக இருந்தாலும் சொல்லிவிடுவார்கள். வலது ஆள்காட்டி விரல் நகத்தின் நடுவே ஒரு பள்ளம். தையல் மெஷின் ஊசி ஒருமுறை நகத்தோடு உள்ளே போய் வெளியே வந்த இடம் அது. மற்ற விரல் நுனிகளெல்லாம் கெட்டிப்பட்டு, பொடிப்பொடியாகக் கறுத்த புள்ளிகளோடு இருக்கும். கொதிக்கிற டீ டம்ளரைத் துணி இல்லாமல் பிடிப்பாள். சுடவில்லையா என்று கேட்டால், "சுடுது போலதான் இருக்குது" என்பாள்.

எங்கள் ஆஸ்பத்திரி பைபாஸ் ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரி. நான் அங்கே ஸ்டோர் பார்க்கிறேன். பெயர் சுகரா பேகம். பஞ்சு, ஸ்பிரிட், ஊசி, கையுறை எல்லாம் என் அறையிலிருந்துதான் வார்டுக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் நானும் கம்பெனியில்தான் இருந்தேன், செக்கிங்கில். தைத்து வருகிற ஷூவின் மேல்தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து கறை, கோணல், விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் பிடிக்கிற வேலை. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆட்களின் முகத்தை நம்புகிற பழக்கமே போய்விட்டது. பீஸைப் பார்த்துத்தான் பேசுவேன்.

சௌந்தரம் அதே கம்பெனியில் தையலில் இருந்தவள். ஆர்டர் கம்மியாகி அவளுடைய லைனை மூடியபோது வெளியே வந்து, இங்கே துப்புரவு வேலையில் சேர்ந்தாள். புருஷன் கோதண்டபாணிக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. இருவரும் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. சண்டை போட்டும் நான் கேட்டதில்லை.

கம்பெனியில் ஊசிக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒன்று மேனேஜர் சொன்னது. ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, ஒரு தாளில் டேப் போட்டு ஒட்டிக் காட்ட வேண்டும். துண்டு சேர்ந்தால்தான் புது ஊசி. ஒரு துணுக்கு குறைந்தாலும் லைன் நிற்கும். ஷூவுக்குள் ஊசி முனை கிடந்து வெளிநாட்டுக்காரன் காலில் குத்திவிட்டால் ஆர்டரே போய்விடும் என்பார்கள். பெண்கள் தரையில் மண்டியிட்டுக் கையால் தடவித் தேடுவார்கள். இரண்டாவது சட்டத்தை யாரும் சொன்னதில்லை, எல்லாருக்கும் தெரியும். விரலில் குத்தினால் ரத்தத்தைத் தோலில் படவிடக் கூடாது. வெள்ளைத் தோலில் ஒரு சொட்டு பட்டால் அந்தப் பீஸ் வீண், அதற்கான திட்டும் கேட்க வேண்டும். எனவே விரல் நேராக வாய்க்குப் போகும். அப்புறம் புடவைக் கொசுவத்தின் உள்மடிப்பில் ஒரு துடை. சூப்பர்வைசர் கேட்டால், "குத்தல சார்."

இந்த இரண்டு சட்டத்தையும் சௌந்தரம் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. இங்கே வேறு சட்டம் என்று அவளுக்கு யார் உட்கார்ந்து சொன்னார்கள்? சேர்ந்த அன்றைக்கு ஒரு துடைப்பத்தையும் ஒரு மெரூன் கோட்டையும் கொடுத்தார்கள். தடித்த ரப்பர் கையுறை ஒரு ஜோடி, அதுவும் மூன்று பேருக்குப் பொது, ஆண் பிள்ளைக் கைக்குச் செய்த அளவு. அவள் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இத்த போட்டா கைக்கு ஒண்ணும் தெரியலக்கா."

ஏற்கெனவே ஒன்றும் தெரியாத கை. நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அன்று காலையில் பெண்கள் வார்டில் ஒரு அம்மாவுக்கு ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள். எடுத்தது ஜீவா, சின்ன நர்ஸ். சுறுசுறுப்பான பெண், ஒரே ஆளுக்கு மூன்று ஆள் வேலை. அந்த அம்மா கையை வெடுக்கென்று இழுத்ததில், சிரிஞ்சிலிருந்து ஊசி கழன்று படுக்கையில் எங்கோ விழுந்துவிட்டது. அதற்குள் பக்கத்து அறையில் யாரோ மயங்கி விழ, ஜீவா ஓடினாள். ஓடும்போதே சௌந்தரத்திடம் சொல்லிவிட்டுப் போனாள்.

"அக்கா, பெட்ல ஒரு ஊசி விழுந்துடுச்சு. பாத்து ஷீட்ட மாத்துங்க."

வேறு யாராக இருந்தாலும் ஷீட்டைச் சுருட்டி மூட்டையில் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். சௌந்தரத்தால் முடியாது. ஊசி காணாமல் போனால் லைன் நிற்குமே. ஷீட்டை விரித்து, உள்ளங்கையால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தடவித் தேடினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு தாளில் பிளாஸ்திரி போட்டு ஊசியை நேராக ஒட்டி எடுத்துக்கொண்டு வந்து ஜீவாவின் மேஜையில் வைத்தாள்.

"கெடச்சுடுச்சும்மா. முழுசா இருக்குது."

ஜீவா சிரித்துவிட்டாள். நானும் அப்போது அங்கேதான் நின்றிருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பழைய ஞாபகம்தான் வந்தது. போட்டு முடித்த ஊசியை வெட்டிப்போடுகிற மெஷின் ரிப்பேராகி மூலையில் கிடந்தது. அதன் மேல் யாரோ ஒரு பூந்தொட்டியை வைத்திருந்தார்கள்.

மதியம் அந்த அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எச்.ஐ.வி. இருக்கிறது.

ஆஃப்ரீன் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த நர்ஸ். தொற்று பரவாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே வேலூரில் படித்துவிட்டு வந்தவள். நோயாளி யார் என்று சொல்லாமல், துப்புரவுப் பெண்களை எல்லாம் என் ஸ்டோர் வாசலுக்கு வரவழைத்தாள்.

"காலைல யாருக்காவது ஊசி குத்துச்சா? குத்தியிருந்தா சொல்லிடுங்க. மாத்திரை இருக்குது, போட்டா தப்பிச்சுக்கலாம். மூணு நாளுக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. அதுக்கு மேல போய்ட்டா மாத்திரையால ஒண்ணும் ஆகாது. யாரும் உங்கள திட்ட மாட்டாங்க."

ஆஃப்ரீன் சௌந்தரத்தின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ஊசிய கையாலயா எடுத்தீங்க?"

"கையாலதான் எடுத்தேன். குத்தல."

"கைய காட்டுங்க."

சௌந்தரம் பத்து விரலையும் நீட்டினாள். ஆஃப்ரீன் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாவம், அவள் படித்த படிப்பில் இப்படி ஒரு கை வந்திருக்காது. புள்ளி இல்லாத விரலே இல்லை.

"இதுல எது புதுசுக்கா?"

"எல்லாம் பழசும்மா."

குரலில் பயமும் இல்லை, பொய் சொல்கிற தடுமாற்றமும் இல்லை. மற்றவர்கள் கலைந்து போனார்கள். நான் சௌந்தரத்தை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"கொசுவத்த எடுத்துக் காட்டு."

"இன்னாக்கா இது?"

"நான் செக்கிங்ல இருந்தவ. காட்டுடி."

கோட்டை விலக்கி, கொசுவத்தை இழுத்து விரித்தாள். பச்சைப் புடவையின் உள்மடிப்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறை, காய்ந்து பழுப்பாக இருந்தது. கம்பெனியில் இப்படிக் கறையைப் பிடித்தால் எனக்குள் ஒரு திருப்தி வரும். அன்று எதுவும் வரவில்லை.

"ஏன் சொல்லல?"

"ஷீட்ல படலக்கா. ஒரு சொட்டு கூட படல. நல்லா பாத்துட்டுதான் மடிச்சேன்."

அவள் தன் ரத்தத்திடமிருந்து ஆஸ்பத்திரி ஷீட்டைக் காப்பாற்றியிருக்கிறாள். எனக்கு அவளை ஓங்கி ஒரு அறை அறையலாம் போலவும் இருந்தது, உட்கார்ந்து அழலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை.

"உன் ரத்தம் ஷீட்ல பட்டா இன்னா, படாட்டி இன்னா? அந்த ஊசியில இருந்த ரத்தம் உன் உடம்புல போச்சே, அத்த சொல்றேன்."

அவள் விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்படி வேற இருக்குதா" என்றாள்.

குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவவைத்தேன். ஆஃப்ரீன் அன்றைக்கே ஆட்டோ பிடித்து அவளை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கவைத்துவிட்டுத்தான் திரும்பினாள். ஒரு மாதம் தினமும் போட வேண்டிய மாத்திரை. சௌந்தரம் வாந்தி எடுத்தாள், தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒரு வேளையும் விடவில்லை. வீட்டில் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "காமாலை மாத்திரைன்னு சொன்னேன். சரின்னாரு" என்றாள்.

மேனேஜர் நயீம் அகமது கெட்டவர் இல்லை. பேசும்போது "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். "ரிசல்ட் வர்ற வரைக்கும் பாதுகாப்புக்காக வெளிய இருங்கம்மா" என்று சொல்லி அவளைக் காம்பௌண்டு பெருக்கப் போட்டுவிட்டார். யாருடைய பாதுகாப்புக்கு என்று அவள் கேட்கவில்லை. நான் கேட்டேன், அவருக்குப் போன் வந்துவிட்டது. அவளுடைய டீ டம்ளர் மற்ற டம்ளர்களிலிருந்து பிரிந்து ஒரு பிளாஸ்டிக் பையில் ஜன்னல் கம்பியில் தொங்க ஆரம்பித்தது. யார் மாட்டினார்கள் என்று கேட்டேன். எல்லாரும் "குத்தல சார்" முகத்தோடு நின்றார்கள். யாருக்கும் திட்டு விழவில்லைதான். ஆஃப்ரீன் சொன்ன சொல்லை அந்த மட்டும் காப்பாற்றிவிட்டார்கள்.

முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. சில மாதம் கழித்து எடுத்த கடைசிப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. ஆஃப்ரீன் அழுதுவிட்டாள். சௌந்தரம், "அப்ப மாத்திரை வேல செஞ்சிருக்குது" என்று மட்டும் சொன்னாள். சந்தோஷமாக இல்லையா என்று கேட்டதற்கு, "சந்தோஷம் போலதான் இருக்குது" என்றாள். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "ஆனா அவங்க வெளியவே இருக்கட்டும், உள்ள இருக்கறவங்க ஒருமாதிரி ஃபீல் பண்றாங்க" என்றார். நான் கத்தினேன். அன்று கத்தியதில் ஊசி வெட்டுகிற மெஷின் மட்டும் ரிப்பேருக்குப் போனது.

சௌந்தரத்தின் இடத்துக்கு அம்பரீன் என்று ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளும் கம்பெனித் தையல்தான். என்னை அக்கா என்பதற்கு ஆபா என்பாள். ஒருநாள் நான் பஞ்சுக் கட்டோடு போகும்போது, குப்பைப் பைக்குப் பக்கத்தில் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். விரல் வாயில் இருந்தது.

"குத்துச்சா?"

"இல்ல ஆபா."

துப்பட்டாவின் ஓரத்தை உள்பக்கமாகச் சுருட்டிப் பிடித்திருந்தாள். நான் அதைத்தான் பார்த்தேன். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"சொல்லிடாதீங்க ஆபா. அப்புறம் சௌந்தரம் அக்கா மாதிரி என்னையும் வெளிய போட்டுடுவாங்க. டம்ளர தனியா மாட்டிடுவாங்க."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வாசல் கதவு திறந்திருந்தது. வெளியே பெருக்கிக்கொண்டிருந்த சௌந்தரம் துடைப்பத்தோடு அப்படியே நின்று எங்களைப் பார்த்தாள். பிறகு படியேறி வாசல் வரைக்கும் வந்தாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"விரல வாயிலருந்து எடு மொதல்ல" என்றாள். "சொல்லிடு. இங்க வேப்பமரம் எல கொட்டிக்கினே இருக்குது, என் ஒருத்தியால ஆவல. பேச்சுத் துணைக்கும் ஆள் இல்ல. நீ வந்துடு."

அம்பரீன் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு விரலை எடுத்து எங்கள் பக்கம் நீட்டினாள். ரத்தம் இன்னும் வந்துகொண்டிருந்தது.